போனுக்குள் நின்ற ஆம்புலன்ஸ்

“என் ஆம்புலன்ஸ் போனுக்குள்ளயே நின்னுட்டு மக்கா!”

அருமனை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த சிநேகிதரிடம் சொன்னார். அவர் சொந்தமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் என்பது போகப்போகத் தெரிந்தது.

“என்னலே சொல்லுக?”

“நம்ம ஆம்புலன்சுக்கு மகன் செஞ்ச வெப்சைட்டத் தொறந்தா முதல்ல படத்துல வண்டி ஓடும், சைரன் கேக்கும். அது முடிஞ்சாதான் என் போன் நம்பர் வரும். ரப்பர் தோட்டத்துல ஒரு அக்காவுக்க மாப்பிளைக்கு நெஞ்சுவலி. அங்க நெட்டு சரியா கிட்டாது. வண்டி பாதியில நின்னு சுத்திட்டே இருந்திருக்கு. நம்பர் வரவேயில்ல.”

“பொறவு?”

“ஆட்டோவுல கொண்டு போயிருக்கா. நான் வேற ஒருத்தர இறக்க ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, வண்டியில எழுதியிருந்த பேரப் பாத்துட்டுக் கிட்ட வந்தா. நடந்தத மட்டும் சொன்னா. போனை நீட்டிக் காட்டுனா.”

“அவருக்கு எப்படி இருக்கு?”

“பொழச்சிட்டாரு. அண்ணைக்கே படம், சத்தம் எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிட்டேன். இப்ப தொறந்த உடனே நம்பர்தான்.”

“அப்ப விடு. எல்லாம் சரியாச்சில்லா?”

ஆம்புலன்ஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவ ரெண்டு வார்த்த ஏசியிருக்கலாம் மக்கா.”