நாற்பத்து நாலாவது சுற்று

— மணி அடிச்சிருச்சா ஆண்ட்டி? அடிச்சிருச்சுல்ல? நான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு டெண்ட்டுக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன். ஐயோ, அடிச்சிருச்சு!

— மெதுவா பேசு கண்ணு. அடிச்சு அஞ்சு நிமிஷமாச்சு. இந்தா, போர்வையைச் சுத்திக்கோ.

— நான் எங்கப்பாவை எழுப்பல. மணிக்கு முன்னாடி எச்சரிக்கைக்கு மூணு விசிலும் ஊதினாங்க, எழுப்பல. வேணும்னேதான் எழுப்பல.

— சரி. மூச்சு விடு முதல்ல.

— எப்படி விடுறது? எழுப்புறதுதான் ஆண்ட்டி என் ஒரே வேலை. இந்த ஓட்டப் பந்தயத்துல ஒவ்வொரு மணிநேரமும் மணி அடிக்கிறப்ப அடுத்த சுத்துக்குக் கோட்டுல நிக்கணும், இல்லேன்னா அவுட். அதுக்குத்தான் பத்தாங்கிளாஸ் படிக்கிறவளை லீவு போட வச்சுக் கூட்டிட்டு வந்தார். 'நான் அழுதாலும் விடாதே, கால்ல விழுந்தாலும் விடாதே, எழுப்பி ஓட விடு'ன்னு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வேற வாங்கினார்.

— எங்க வீட்டுக்காரரும் என்கிட்ட அப்படி ஒண்ணு வாங்கி, லேமினேட் பண்ணியே மாட்டியிருக்கார்.

— போன சுத்து முடிச்சு வந்தாரே, என்னைப் பார்த்து என்ன கேட்டார் தெரியுமா? 'மேடம், நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?'

— நீ என்ன சொன்ன?

— அக்கவுண்ட்ஸ்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? 'திங்கக்கிழமை பைலை அனுப்புங்க'ன்னுட்டுப் படுத்துட்டார். அதுக்கு முன்னாடி, ஒண்ணுக்கு பால் விடாத காபி கலர்ல போகுதுன்னார். பெருமையா சொல்றார் ஆண்ட்டி!

— என்னவாம் பெருமை?

— உடம்போட எல்லையைத் தொட்டுட்டாராம்.

— நல்லா தொட்டாங்க. எங்க பல் டாக்டர் முப்பதாவது சுத்துல கால் நகம் ஒண்ணு கழண்டு வந்ததை என் கையில குடுத்துட்டு, பத்திரமா வைன்னார். மோதிரத்துல வச்சுக் கட்டிக்கவா?

— சிரிக்காதீங்க ஆண்ட்டி. முழிச்சதும் என்னை என்ன பண்ணுவார்? நாப்பத்து மூணு சுத்து, இருநூத்தி எண்பத்தெட்டு கிலோமீட்டர்! அறுபத்திரண்டு பேர்ல இவரும் அங்கிளும்தான் மிச்சம். ஆபீஸ் முழுக்கச் சொல்லி வச்சிருக்கார். வீட்டுல மாடிக்குப் போய்த் துணி எடுத்துட்டு வாங்கன்னா முட்டி வலிக்குதும்பார். எங்ககிட்டேருந்து தப்பிக்கத்தான் ஓடுறார்னு அம்மா சொல்லுவாங்க.

— தப்பிச்சுப் போனாக்கூடப் பரவாயில்லையே. மணிக்கொரு தடவை இங்கேயேதான வந்து நிக்கிறாங்க.

— அங்கிள் இப்ப தனியா ஓடிட்டு இருப்பார்ல? வாழ்த்துகள் ஆண்ட்டி.

— வாழ்த்தா? திரையை விலக்கி உள்ள பாரு.

— ஆண்ட்டி! அங்கிள் தூங்குறார்!

— அலாரத்தை நான்தான் அமத்தினேன். போன தடவை நெஞ்சைத் தடவிக்கிட்டே வந்தார். என்னன்னா, வாயுவாம். நீ டாக்டரா நான் டாக்டரான்னு சத்தம் வேற. பல்லுக்கு டாக்டர் நெஞ்சைப் பத்திப் பேசுறார். முதலுதவி ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். வரட்டும், உங்கப்பாவையும் பார்க்கச் சொல்றேன்.

— அப்ப இப்ப யாரு ஓடுறா?

— யாரும் ஓடல. மணி அடிக்கிறவர் அடிச்சிட்டுக் கோட்டைப் பார்த்தார், ஈ காக்கா இல்ல. சரியாத்தான் அடிச்சமான்னு மணியைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் நோட்டுல என்னமோ கிறுக்கிட்டுத் தூங்கப் போயிட்டார்.

— யாரு ஜெயிச்சதுன்னு எழுதினாராம்?

— ஒருத்தரும் இல்லேன்னு. கடைசி ஆள் தனியா ஒரு சுத்து முடிச்சாத்தான் ஜெயம். இல்லேன்னா அத்தனை பேரும் தோத்தாச்சு. ரெண்டாவது சுத்துல செருப்பு கடிக்குதுன்னு வீட்டுக்குப் போனாரே ஒருத்தர், அவரும் உங்கப்பாவும் இப்ப ஒண்ணுதான்.

— இதைப் போய் நான் எப்படிச் சொல்லுவேன்?

— பாப்பா...

— அப்பா! முழிச்சிட்டீங்களா? அப்பா, நான் வந்து...

— கத்தாதடா. நான் தூங்கவே இல்ல. படுத்ததும் தலை கொஞ்சம் தெளிஞ்சிருச்சு. மூணு விசிலும் கேட்டுச்சு.

— கேட்டுச்சா? அப்புறம் ஏன்ப்பா எழுந்திரிக்கல?

— நீ எழுப்பிடக் கூடாதேன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் கிடந்தேன். உன் மேல கோபமெல்லாம் இல்ல. நல்ல ஆள்கிட்டதான் தோத்திருக்கேன். நான் இன்னும் பத்து சுத்து போயிருந்தாலும் அந்த டாக்டர் விட்டிருக்க மாட்டார். தனியா ஓடக் கிளம்பிட்டார்ல, பாப்பா?