நாறாத தண்ணீருக்குத் தீர்மானம் இல்லை

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 19ஆம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறு இருபது. மும்பை செம்பூரில் இரவெல்லாம் பெய்த மழை விட்டு, தூறிக்கொண்டிருந்தது. காப்பிக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்தேன். நாறியது. தொடக்கம் இவ்வளவுதான், ஐயா.

சோதனையில் என் அலமாரியிலிருந்து நீங்கள் எடுத்த இரும்புக் கிளாம்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள். வரிசையாகச் சொன்னால்தான் அது விளங்கும்.

எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் தண்ணீர் நாறினால், ஒவ்வொரு வீட்டாரும் முதலில் மேல்வீட்டாரைச் சந்தேகிப்பார்கள். பிறகு மொட்டைமாடித் தொட்டியைக் கழுவுவார்கள். கழுவினார்கள். நாற்றம் போகவில்லை. நான் ஒரு கம்பெனியில் குழாய்களுக்கு வரைபடம் போட்டு ஓய்வுபெற்றவன். மேலிருந்து கீழாகத் தேடினேன். மாடித் தொட்டி, ஏற்றுக்குழாய், தரைக்கீழ்த் தொட்டி என ஒவ்வோரிடத்திலும் முகர்ந்து பார்த்தேன். தெருவிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கும்போது முதலில் பாய்வது மட்டும் நாறியது. அந்தக் குழாய் எங்கள் வாசல் சாக்கடைக்குள் கிடந்தது. துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. தண்ணீர் நின்று குழாய் வெறுமையாகும்போது, ஓட்டை வழியே சாக்கடை உள்ளே நுழையும். மறுநாள் வரும் தண்ணீர் அதைத் தொட்டிக்குள் தள்ளும். ஓட்டையின் மேல் ரப்பரைச் சுற்றி, கிளாம்ப்பால் இறுக்கினேன். தொட்டிகளை மறுபடியும் கழுவினோம். நாற்றம் நின்றது.

தற்காலிக ஏற்பாடு என்று சொல்லியே அதைச் செய்தேன். குழாயைச் சாக்கடைக்கு மேலாகத் தூக்கிப் புதிதாகப் போட வேண்டுமென்று சொசைட்டி மீட்டிங்கில் வரைபடம் வைத்தேன். மளிகைக் கடை வைத்திருக்கும் எங்கள் சேர்மன் தளவாய், அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"பூலோகம் அண்ணாச்சி, படம் ஜோராத்தான் இருக்கு. ஆனா தண்ணி நாறலியே. நாறாத தண்ணிக்கு எவன் தீர்மானம் போடுவான்?"

"ரப்பர் எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"சல்தா ஹை, அண்ணாச்சி, ஓடுற வரைக்கும் ஓடட்டும். ஒங்க மூக்குக்குள்ள பழைய நாத்தம் தங்கிருச்சு. மொதல்ல அதக் கழுவுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். தளவாய் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்ததை நான் மறுக்கவில்லை. நாறினால் தீர்மானம் போடுவார்கள். ஆகவே மறுநாள் கிளாம்ப்பைக் கழற்றி என் அலமாரியில் வைத்தேன். சாக்கடைக்குள் குனிந்து பார்க்க என்னைத் தவிர அங்கே எவரும் இல்லை.

நான் எதிர்பாராதது அவர்களுடைய பொறுமை. எலுமிச்சைத் தோல் போட்டார்கள், படிகாரம் கலக்கினார்கள், முதல் வாளியைக் கழிப்பறைக்கு ஒதுக்கினார்கள். கணபதி பண்டிகை முடியட்டும் என்றார்கள். முடிந்ததும், நவராத்திரி முடியட்டும் என்றார்கள். மூக்கு எதற்கும் பழகிவிடும் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

கிளாம்ப்பைக் கழற்றிய நாள் முதல் நான் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடித்தேன். கீழ்வீட்டு மாலதிக்கு அப்போது ஆறாம் மாதம். ஒரு நாள் படியில் நிறுத்திக் கேட்டாள்.

"பெரியப்பா, தண்ணி ஒரு மாதிரி இருக்கே. பில்டர்ல புடிச்சுக் குடிச்சாப் போதுமா?"

அந்த பில்டர் மண்ணை மட்டுமே வடிகட்டும் என்பது எனக்குத் தெரியும். "போதும்மா," என்றேன். கொதிக்கவைக்கச் சொல்லியிருந்தால், அவள் பக்கத்து வீட்டிலும் சொல்லியிருப்பாள். கட்டடம் முழுவதும் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு தீர்மானம் எப்படி வரும்?

நவராத்திரி முடிவதற்குள் மாலதியின் கண்கள் மஞ்சளாயின. தண்ணீரால் வந்த காமாலை என்றும், பிள்ளைத்தாய்ச்சிக்கு அது ஆபத்து என்றும் டாக்டர் சொன்னதாக அவள் கணவன் மகேஷ்குமார் என்னிடம் சொல்லி அழுதான். ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணையாக இருந்த அவனுக்கு நான்தான் சாப்பாடு கொண்டுபோனேன். கிளாம்ப்பைத் திரும்ப மாட்ட எனக்கு அரை மணி நேரம் போதும். மாட்டவில்லை. மாட்டினால் நாற்றம் நின்றுவிடும். தளவாய் மறுபடியும் 'நாறலியே' என்பார். தவிர, தற்காலிக ஏற்பாடுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மாலதி இறந்தாள். வயிற்றிலிருந்த குழந்தையும் பிழைக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் மீட்டிங் கூடியது. அன்று எவரும் சிரிக்கவில்லை. புதிய குழாய்க்கான தீர்மானத்தைத் தளவாய் என் வீட்டுக்கே கொண்டுவந்தார். எல்லாரும் கையொப்பமிட்டிருந்தார்கள், மகேஷ்குமார் உட்பட.

"மன்னிச்சிருங்க, அண்ணாச்சி. நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

"ஆமா," என்றேன். "கேட்டிருந்தா அந்தப் பிள்ள இருந்திருப்பா."

அவர் தலைகுனிந்து தாளை நீட்டினார். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். அவரை நான் மன்னித்துவிட்டேன், ஐயா.