படமில்லாப் பதிப்புக்கு என் கையெழுத்து இல்லை

அவையின் நடுவே அமர்ந்து அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! பக்கம் பக்கமாகப் படித்துப் பார்த்து இந்தப் பரிசை எனக்கென்று முடிவு செய்த நடுவர் பெருமக்களே! எழுதி எழுதியே தலை நரைத்த பெரியோர்களே! வீட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, இவள் என்னதான் பேசிக் கிழிக்கிறாள் பார்ப்போம் என்று வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் தம்பி தங்கையரே! உங்கள் அனைவருக்கும் ஒரு தையற்காரியின் தலை தாழ்ந்த வணக்கம்.

வணக்கத்துக்குத்தான் தலை தாழும். வேறு எதற்கும் தாழாது. அது ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இதோ, இந்த மேசையில் ஒரு கேடயம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தாள் இருக்கிறது. பரிசு பெற்ற என் புத்தகத்தை, பரிசு தரும் இந்த எழுத்தாளர் சங்கமே அச்சிட்டு எல்லா நூலகங்களுக்கும் அனுப்பும். அதற்கு நான் சம்மதம் தர வேண்டும். தாளில் ஒரே ஒரு நிபந்தனை: ‘படங்கள் நீக்கப்பட்ட பதிப்பு.’ கையெழுத்துப் போட்டால் கேடயம் எனக்கு. போடாவிட்டால்? அதைத் தலைவர் வாயால் சொல்லவில்லை, அவர் முகம் சொல்கிறது. சிரிக்காதீர்கள், பாவம், அவரும் சிரிக்கிறார்.

செயலாளர் அன்பாகத்தான் கேட்டார். “எழுத்தே இவ்வளவு நல்லா இருக்கே, படம் எதுக்கும்மா? சின்னப் பிள்ளைங்க புத்தகம்னு நினைச்சுடுவாங்க” என்றார். போன மாதம் ஓவியக் கழகத்தாரும் இதே அன்போடு வந்தார்கள். “கோடு பிரமாதம்! அந்த எழுத்தை மட்டும் அழிச்சுக் குடுங்க, சுவத்துல மாட்டிடலாம்” என்றார்கள். இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேர் கையிலும் கத்தரிக்கோல்! ஐயா, கத்தரிக்கோல் என் பிழைப்பு. எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று எனக்கா தெரியாது?

என் கடையில் ஓர் அளவு நோட்டு உண்டு. வருகிறவர்களின் அளவை எழுதுவேன். பக்கத்திலேயே அவர்கள் நிற்கும் விதத்தைச் சின்னதாக வரைவேன். ஒருநாள் தபால்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்க வந்தார். கடையில் கூட்டம். அளவை மட்டும் குறித்தேன், படம் வரையவில்லை. அளவில் நூலளவும் பிசகில்லை. தைத்துப் போட்டுப் பார்த்தால் ஒரு பக்கக் கழுத்துப்பட்டை காதைத் தொடுகிறது! பல வருடம் பை சுமந்து அவருடைய வலது தோள் இறங்கியிருந்தது. எண்ணுக்கு அது தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டு மனிதர் கேட்டார்: “ஏம்மா, அளவெடுத்தது என்னையா, எங்க வீட்டுக் கதவையா?”

அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நோட்டில், வந்தவர்கள் சொன்ன வார்த்தையையும் எழுதத் தொடங்கினேன். வார்த்தை வளர்ந்தது, படம் வளர்ந்தது, இரண்டும் சேர்ந்து புத்தகம் ஆனது. நான் எழுதிவிட்டு வரைந்தவள் இல்லை. வரைந்துவிட்டு எழுதியவளும் இல்லை. ஒன்று தடுமாறும்போது மற்றது கை கொடுத்தது.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் இரண்டாவது இயந்திரம் அவளுடையது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதைச் சொல்வதில் அவளுக்கும் வெட்கமில்லை, எனக்கும் வெட்கமில்லை. அவளுடைய கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன நாளைப் புத்தகத்தில் எழுதினேன். ‘அக்கா அமைதியாக நின்றாள்’ என்று எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது, அவ்வளவு அழகான வாக்கியம்! பக்கத்தில் கத்தரிக்கோல் பிடித்திருந்த அவள் கையை வரைந்தேன். பிறகு அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடியே, அமைதியா நின்னவ கத்தரியை இப்படியா புடிச்சிருப்பா? எனக்கு அன்னைக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சுடி. அதை எழுது!”

என் கை பார்த்ததை என் வாக்கியம் மறைத்திருக்கிறது! அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். சரி, படம் மட்டும் யோக்கியமா? அதுவும் புளுகும். அடுத்த பக்கத்தில் இயந்திரத்தின் மேல் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறாள் அக்கா. பார்க்கிற யாரும் ‘ஐயோ பாவம், அழுகிறாள்’ என்பார்கள். அந்த நேரம் அவள் சொன்னதை அப்படியே கீழே எழுதியிருக்கிறேன்: “ஊசி உடைஞ்சு போச்சு, வேற எடு.”

ஆம், சிரியுங்கள்! இதற்குத்தானே இரண்டும் வேண்டும் என்கிறேன்! எழுத்து ஏமாற்றினால் பிடிப்பது யார்? படம்! படம் பசப்பினால் பிடிப்பது யார்? எழுத்து! இவற்றில் ஒன்றை விரட்டிவிட்டு, மிச்சத்துக்கு இலக்கியம் என்று பெயர் வைப்பீர்களா? கலை என்று கண்ணாடிச் சட்டம் போடுவீர்களா? எழுத்தாளர்கள் வரிசையில் நில் என்றால் நிற்க மாட்டேன்! ஓவியர்கள் வரிசையில் நில் என்றால் அங்கும் நிற்க மாட்டேன்! என் கை ஒன்று, என் பேனா ஒன்று, என் தாள் ஒன்று. கோடு முடிந்து எழுத்து தொடங்கும் இடத்தில் உங்களுக்கு எதற்கையா வேலி?

முடிக்கச் சொல்லித் துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. முடித்துவிடுகிறேன், செயலாளர் அவர்களே.

நானும் ஆசை இல்லாதவள் இல்லை. எத்தனை நூலகம், எத்தனை அலமாரி! நேற்று முழுக்க இந்தத் தாளை வைத்துக்கொண்டு தவித்தேன். கடைசியில் அக்காவிடமே கேட்டேன். “படத்தை எடுத்துட்டா எல்லா ஊருக்கும் போகுமாம். என்ன பண்ணட்டும்க்கா?”

தைத்துக்கொண்டிருந்தவள் இயந்திரத்தை மிதிக்கும் காலை நிறுத்தினாள். “போகட்டும்டி, நல்லதுதானே” என்றாள். துணியைத் திருப்பி வைத்துக்கொண்டே கேட்டாள்: “ஆனா, அதுல நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சொல்லுங்கள், பெரியோர்களே! நான் என்ன பதில் சொல்வது? அவளுடைய வாழ்க்கையை எழுதி, அவளே உள்ளே வர முடியாதபடி கதவைச் சாத்திவிட்டு, நான் மட்டும் கேடயத்தோடு வீட்டுக்குப் போவதா? மாட்டேன். இந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன்!

தலைவர் அவர்களே, தாளும் கேடயமும் உங்களிடமே இருக்கட்டும். கோபத்தோடு தரவில்லை, தெளிவோடு தருகிறேன். நடுவர்களே, என் எழுத்தை மதித்த உங்களுக்கு நன்றி. முகம் சுளிக்காமல் கேட்ட தாய்மார்களுக்கும், கால் வலிக்க நின்ற தம்பி தங்கையருக்கும் நன்றி. கூட்டம் முடிந்ததும் வாசலுக்கு வாருங்கள். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நானும் அக்காவும் நிற்போம். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கலாம், தெரியாதவர்கள் பார்க்கலாம். தன் பக்கத்தை என் அக்காவே எடுத்துக் காட்டுவாள்.

வணக்கம்.