காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை

— இந்தப் பல்லு யாருதுன்னு பாத்துச் சொல்லு, ஹூட். என் சட்டைக்குள்ள கெடந்துச்சு.

— என் முன்பல்லெல்லாம் நாலு வருஷம் முன்னாடியே போயாச்சு, திபோ. அது உன் சொத்துதான்.

— தம்பிகளா, நடுவுல நான் ஒருத்தன் உக்காந்திருக்கேன். ரத்தத்த என் மேல துப்பாதீங்க. சண்ட போட்டதுக்கு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் தண்டன. நான் கதவத் தொறக்கிற வரைக்கும் அவனவன் தண்டனப் பெட்டியில அடங்கி இருக்கணும்.

— இருபது வருஷமா இந்த ஐஸ் ஹாக்கித் தளத்துல இந்தப் பெட்டிக்குக் காவல் இருக்கீங்க ஓக்டன் அண்ணே, உங்களுக்கு ரத்தம் புதுசா?

— ரத்தம் பழசுதான் திபோ. சட்ட புதுசு. பொண்டாட்டி எடுத்துக் குடுத்தது.

— டேய் திபோ, தலைய பின்னால சாய்க்காத. முன்னால குனிஞ்சு மூக்கப் பிடி. இல்லேன்னா ரத்தம் தொண்டைக்குள்ள போகும்.

— பாத்தீங்களாண்ணே, ஒடச்சதும் இவனே, வைத்தியம் சொல்றதும் இவனே. என்னடா கஷாய டாக்டரு, அந்தக் கூத்து இன்னும் நடக்குதா?

— நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குப் பரீட்ச.

— நெசமாவா ஹூட்? எங்க?

— ஆன்லைன்லதான். மோட்டல் ரூம்ல லேப்டாப்பத் தொறந்து வெச்சு எழுதணும். அந்தப் பக்கமிருந்து ஒரு அம்மா கேமராவுல பாத்துக்கிட்டே இருப்பாங்க. எலும்பு, நரம்பு, ரத்த ஓட்டம், எல்லாம் சேத்து நூத்தி இருவது கேள்வி. இதுல தேறினாத்தான் செப்டம்பர்ல டொரன்டோவுல இயற்கை மருத்துவப் பட்டப் படிப்புக்கு எடுப்பாங்க. ரெண்டு தடவ கோட்ட விட்டுட்டேன். மூணாவதுதான் கடைசி.

— எப்படா படிச்ச?

— பஸ்ஸுலதான். ஒரு ஊர்ல ஆடிட்டு அடுத்த ஊருக்குப் போக ஏழு மணி நேரம். வெளிய பாத்தா பனியத் தவிர ஒண்ணுமில்ல. பசங்க சீட்டு ஆடுவானுங்க, நான் காதுல மாட்டிக்கிட்டுப் பாடம் கேப்பேன். அறுத்துப் பாக்கணும்னு ஒரு ஆட்டு இதயத்தக்கூட கூரியர்ல அனுப்பினாங்க. மோட்டல் குளியல் தொட்டியில வெச்சு அறுத்தேன். எங்க கோல்கீப்பர் பல்லு வெளக்க வந்தான். அன்னைக்குப் பூரா அவன் பல்லே வெளக்கல.

— சிரிக்க வெக்காதடா. விலா வலிக்குது.

— வலிக்கும். ஒம்பதாவது விலா. பாத்துத்தான் குத்தினேன்.

— பேரு வெச்சு அடிக்கிறான் பாருங்கண்ணே. உன்ன மாதிரி தடியனுக்கு எதுக்குடா இந்தப் படிப்பு?

— போன வருஷம் பூரா எனக்குத் தூக்கம் கெடையாது. வலி மாத்திர ஒரு நாளைக்குப் பத்து, பன்னெண்டு. ரெஜைனாவுல ஒரு இயற்கை வைத்தியக்காரம்மா, சுடுதண்ணி, பச்சத்தண்ணின்னு மாத்தி மாத்தி மூணு மாசம் உக்கார வெச்சாங்க. மாத்திர நின்னுபோச்சு. முப்பத்தி மூணு வயசாச்சு திபோ. இந்தக் கைக்கு ஒடைக்கிறதத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. தெரியணும்.

— ரெண்டர நிமிஷம் இருக்கு, தம்பிகளா.

— ஹூட், ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. இன்னொரு தடவ உன்னோட மோதச் சொல்லிட்டான் எங்க கோச். இல்லேன்னா திங்கக்கெழம பெட்டியக் கட்டிக்கிட்டுக் கெளம்பணும். வீட்டுல ரெண்டு பொண்ணுங்க.

— எங்க கோச்சும் அதத்தான் சொல்லியிருக்கான்.

— அப்ப மோதித்தான் ஆகணும். ஆனா தல வேண்டாம். கழுத்துக்கு மேல ஒருத்தனும் கைய வெக்கக் கூடாது. விலாவுல குத்து, தோள்ல குத்து, எத்தன வேணும்னாலும் வாங்கிக்கிறேன். கூட்டத்துக்கு ரத்தம்தான வேணும், என் மூக்குல ஏற்கெனவே ஊத்துது.

— தல வேண்டாம். சரி. நாளைக்கு எனக்கு அது வேணும்.

— எனக்கும் வேணும்டா. இந்த எடது கண்ணு ரெண்டு தடவ தச்ச கண்ணு. இன்னொரு அடி விழுந்தா அவ்வளவுதான்னுட்டான் டாக்டர். முன்னால இருக்கிற இந்தக் கண்ணாடித் தடுப்பு மேல கை வெச்சு சத்தியம் பண்ணு.

— இந்தா, வெச்சுட்டேன். சத்தியம்.

— ஹூட் தம்பி, சண்டையில நீ ஹெல்மெட் கழண்டு விழுந்தப்ப, மண்ட ஐஸ்ல மோதின சத்தம் எனக்கு இங்க கேட்டுச்சு. டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடேன்.

— காட்டினா என்ன சொல்வாரு ஓக்டன் அண்ணே? ஒரு வாரம் இருட்டுல படு, கம்ப்யூட்டரத் தொறக்காதன்னுவாரு. நான் எப்படிப் பரீட்ச எழுத?

— அண்ணே, டாக்டர் எதுக்கு, நான் பாக்குறேன். ஹூட், மணிக்கட்டுல எத்தன எலும்பு?

— எட்டு.

— கண்ணுக்குழியில?

— ஏழு சேந்தது. அடிப்பக்கம் முட்ட ஓடு மாதிரி மெல்லிசு.

— இதயத்துல எத்தன அற?

— நாலு. சின்னப் புள்ளைக்குக் கேக்குற கேள்வி.

— போதும்ணே. இவன் மண்ட கல்லு மாதிரி இருக்கு.

— இன்னும் எவ்வளவு நேரம்ணே? திரும்ப எறங்கணும்.

— இப்பத்தான ஹூட், ரெண்டர நிமிஷம்னு சொன்னேன், அதுக்குள்ள மறந்துட்டியா? முடியப் போகுது. எந்திரிங்க. தொறக்குறேன்.

— வா ஹூட். கோச்சுங்க பாக்குறானுங்க. போலாமா?

— கையுறையக் கழட்டு, திபோ.

— ம், விலாவுல… அப்படித்தான். என் சட்டைய நல்லாப் பிடி. இன்னொண்ணு குத்து, நான் விழுந்துடுறேன். டேய். ஹூட், கண்ணுடா. ஹூட், தல, தல—

— நடுவர்களா, என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, ரெண்டு பேரும் சேந்து இழுங்க அவன. கீழ விழுந்தவனப் போய் அடிக்கிறான். விடு ஹூட். விடுடா அவன.

— மூச்சு வாங்குது, ஓக்டன் அண்ணே. ஒரு துண்டு குடுங்க.

— உக்காரு மொதல்ல. கையெல்லாம் அவன் ரத்தம். திபோ, நீ ஏன்ப்பா இங்க வர்ற, ஸ்ட்ரெச்சர் வருது.

— வரட்டும்ணே. நான் இவன்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும். முகத்துலேர்ந்து துண்ட எடுக்காதீங்க, எடுத்தா அதோட சேந்து என்ன வரும்னு தெரியல. ஹூட், இந்தக் கண்ணுல வெளிச்சம்கூட இல்லடா.

— பனிய வெச்சு ஒத்து, திபோ. அழுத்தாத.

— ஆறு குத்து. நான் ஒண்ணுகூடத் திருப்பிக் குடுக்கல. உனக்குக் காலைல பரீட்சன்னு உன் தலையத் தொடவே இல்ல.

— சண்டன்னா நாலு விழத்தான் செய்யும். கைய நீட்டின, அடிச்சேன். இதுக்குப் போய் பொலம்புறியே.

— தல வேண்டாம்னு சத்தியம் பண்ணினியேடா. இதே கண்ணாடியில கை வெச்சு.

— உன்கிட்டயா? என்னடா ஒளர்ற திபோ, இன்னைக்கு இப்பத்தான உன்னையே பாக்குறேன்.