வாசலைப் பூட்டியது நான்தான்

என் பெயர் மலர்க்கொடி. வயது நாற்பத்தாறு. கணவர் பெயர் கொளஞ்சி. கடலூர் மஞ்சக்குப்பத்தில், மைதானத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் வாடகை வீட்டில் குடியிருந்து, ரவிக்கை தைத்துக் கொடுத்து வருகிறேன். சிதம்பரத்தில் இருக்கும் என் நாத்தனார் தைலம்மாள் கொடுத்த புகாரின்பேரில், 2010 ஆகஸ்டு 11ஆம் தேதியாகிய இன்று காவல் நிலையத்துக்கு வந்து, உதவி ஆய்வாளர் கேட்க இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

என் கணவர் கடலூர் சிதம்பரம் தடத்தில் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தார். போன தை மாதம் புதுச்சத்திரம் தாண்டி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே விழுந்துவிட்டார். அதே பேருந்தில் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. விழுங்கும் சக்தியும் போய்விட்டது. வாயில் எதைக் கொடுத்தாலும் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும், போனால் ஆளே போய்விடுவார் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு மூக்கு வழியாக வயிற்றுக்கு டியூப் போட்டு, அதில் கஞ்சி ஊற்றும் முறையை நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் சொன்னபோது தைலம்மாளும் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவரைக் கட்டிப்போட்டேன் என்று புகாரில் இருக்கிறது. கட்டினேன். வந்த புதிதில் டியூபைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். மறுபடியும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, மூக்கில் ரத்தம் வர வரப் போட்டுக்கொண்டு வருவோம். மூன்றாம் முறையும் அப்படி ஆன பிறகு, என் பழைய நூல் புடவையைக் கிழித்து, அவருடைய நல்ல கையைக் கட்டில் சட்டத்தோடு இறுகாமல் கட்டினேன். கல் நெஞ்சோடு கட்டினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதன் பிறகு டியூப் அவருக்குப் பழகிவிட்டது, அவிழ்த்துவிட்டேன். இப்போது கஞ்சி ஊற்றும்போது சிரிஞ்சை அவரே உயர்த்திப் பிடித்துக்கொள்கிறார். அதற்கு முன்னால் அவர் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினால் ஊற்றலாம், நடுவில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும். இதை நான் சொல்லித்தரவில்லை. ஒரு விசிலுக்கு வண்டியை நிறுத்தி, இரண்டு விசிலுக்குக் கிளப்பியே காலத்தை ஓட்டிய மனுஷன்.

சோறு கேட்டும் கொடுப்பதில்லை என்று இருக்கிறது. அதுவும் உண்மை. வாயைத் தொட்டுக் காட்டித் தினமும் கேட்கிறார். நெத்திலிக் குழம்பு என்றால் உயிரை விடுகிறவர். நான் கொடுப்பதில்லை. கடுகு வெடிக்கும் வாசனை அவருக்குப் போகக்கூடாது என்று எங்கள் வீட்டில் தாளிப்பதையே விட்டுவிட்டேன். பின்பக்கம் நின்று பழைய சோற்றைக் கரைத்துக் குடித்து, வாயைக் கொப்பளித்துக்கொண்டுதான் அவர் பக்கத்தில் போகிறேன். இதற்குப் பெயர் பட்டினி போடுவது என்றால் அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஆனி மாதத்தில் தைலம்மாள் சோறும் நெத்திலிக் குழம்பும் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர், அதை நான் மறுக்கவில்லை. வெற்றிலை வாங்கி வரச் சொன்னார், போனேன். திரும்பி வந்தபோது தம்பியின் தலை அக்காள் மடியில் இருந்தது. கண் செருகி, முகம் நீலம் பாரித்திருந்தது. அக்காள் கையில் அடுத்த உருண்டை இருந்தது. நான் அவரைப் பக்கவாட்டில் புரட்டி, வாய்க்குள் விரலை விட்டுச் சோற்றை வழித்து எடுத்தேன். பக்கத்து வீட்டு பிரிசில்லா டீச்சர் ஆட்டோ பிடித்து வந்தார். நுரையீரலில் சளி கட்டி, பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியாமல் மருத்துவமனையில் கிடந்தோம். அப்போதும் தைலம்மாள் என்னிடம், "மூணு வாயி சாப்ட்டான்டி. எவ்ளோ ஆசயா சாப்ட்டான் தெரியுமா" என்றார். இன்றுவரை அவர் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை.

அதன் பிறகு போன ஞாயிற்றுக்கிழமை அதே தூக்கோடு வந்தார். நான் கம்பிக் கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டேன். "எந்தம்பிக்கு டியூப்ல தண்ணிய ஊத்தியே சாவடிக்கிறா" என்று தெருவைக் கூட்டினார். "நீங்க போடறது சோறு இல்ல அண்ணி, வாய்க்கரிசி" என்றேன். பிணத்தின் வாயில் போடும் அரிசியைத்தான் சொன்னேன். அதன் பிறகு கம்பி வழியாகக் கையை விட்டுத் தூக்கைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். சோற்றைக் கொட்டியதில் எனக்கு வருத்தம் உண்டு. சொன்னதில் இல்லை.

குழம்பு வாசனை உள்ளே போய்விட்டது. என் கணவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று கஞ்சி வேளைக்கு அவர் தட்டவில்லை. மறுநாளும் தட்டவில்லை. நானாக ஊற்றினேன், கை சும்மா கிடந்தது. தைலம்மாள் தெருவில் ஏசியதெல்லாம் எனக்குத் தூசு. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று உதவி ஆய்வாளர் விசாரணைக்கு வீட்டுக்கு வந்து, "ஒங்க சம்சாரம் ஒங்களப் பட்டினி போடுறாங்களா?" என்று அவரிடம் கேட்டார். அவர் உதவி ஆய்வாளரைப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்த்தார். அதன் பிறகு கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

"என்னம்மா சொல்றாரு?"

"கஞ்சி ஊத்தச் சொல்றாரு சார்."

ஊற்றினேன். சிரிஞ்சை அவரே பிடித்துக்கொண்டார். முடியும்வரை உதவி ஆய்வாளர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

இனி நாத்தனாரைத் தடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் சமாதானமாக முடித்துவிடலாம் என்று இன்று இங்கே சொல்கிறார்கள். எழுதித் தர மாட்டேன். தைலம்மாள் வெறுங்கையோடு வரட்டும். கையைக் கழுவிக்கொண்டு தம்பி பக்கத்தில் உட்காரட்டும். டியூபில் ஊற்ற நானே சொல்லித்தருகிறேன், தம்பிக்கு அவர் கையால் ஊட்டின மாதிரியும் இருக்கும். தூக்கோடு வந்தால் மறுபடியும் பூட்டுவேன். பூட்டின் சாவி என் முந்தானையில்தான் இருக்கிறது.

மேலே உள்ளதை ஏட்டையா வாசிக்கக் கேட்டேன். "ஆத்திரத்தில் பூட்டிவிட்டேன்" என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன். "தெரிந்தே பூட்டினேன்" என்று திருத்தினார்கள். இப்போது நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

(ஒப்பம்)
கொ. மலர்க்கொடி