கொசுவின் மைக் திறந்தே இருந்தது

ஸ்கிரீன் கார்டு ஒட்டும்போது மூச்சு விடக் கூடாது, மேடம். உங்கள் போனைப் பார்த்ததிலிருந்து சொல்ல வேண்டும் என்று இருந்தேன். மேல் மூலையில் ஒரு குமிழி இருக்கிறது. ஒட்டியவர் கடைசி நேரத்தில் யாருக்கோ பதில் சொல்லியிருக்கிறார். கடைக்கு வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்று சொல்லலாம். இப்போதைக்கு அது நடக்கிற காரியம் இல்லை.

கடை என் அக்கா வீட்டுக்காரருடையது. மாமா முன்னால் உட்கார்ந்து போன் விற்பார். நான் பின்னால், கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து ஒட்டுவேன். எனக்கு ஆட்களோடு பேச வராது. யாராவது ஏதாவது கேட்டால் தொண்டையில் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிடும். மாமா அதை வைத்துக் கிண்டல் செய்யாத நாள் இல்லை.

"எங்க கொழுந்தியாவோட வாய் சர்வீசுக்குப் போயிருக்கு சார். பார்ட்ஸ் வரணும்" என்பார்.

வாடிக்கையாளர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். மாமா நல்லவர்தான். அவரையும் அக்காவையும் இதில் இழுக்க வேண்டாம். அக்காவுக்கு நான் கம்ப்யூட்டரில் தையல் டிசைன் பார்க்கிறேன் என்றுதான் நினைப்பு.

நான் பார்த்தது டிசைன் இல்லை, ஒரு விளையாட்டு. பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, ஒரு பெரிய கற்பனை நாட்டில் சுற்றுகிற விளையாட்டு. சேரும்போதே ஒரு தொழில் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் வாள்வீரன், மந்திரவாதி என்று பளபளப்பாக எதையாவது எடுப்பார்கள். நான் பவுண்டி ஹன்டர் எடுத்தேன். ஊர்ச் சதுக்கத்தில் ஒரு பலகை இருக்கும். அதில் இன்னாரைப் பிடித்துத் தந்தால் இன்ன சன்மானம் என்று ஒட்டியிருப்பார்கள். அந்த ஆளைத் தேடிப் பிடித்து ஒப்படைப்பதுதான் தொழில். மாமா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓகோ, ஆள்பிடிக்கிற உத்தியோகமா? நிஜத்துல ஒரு ஆளைப் பிடிச்சா உங்க அக்கா நிம்மதியா இருப்பா" என்றார். கல்யாணத்தைச் சொன்னார்.

என் அடி வலிக்காது, மேடம். பவுண்டி ஹன்டருக்குக் கொடுத்திருக்கிற கத்தி வெங்காயம் நறுக்கத்தான் ஆகும். ஆனால் அவளுக்குத் தடம் பார்க்கத் தெரியும். இலக்கு எங்கே சாப்பிடுகிறான், எந்தப் பாலத்தைக் கடக்கிறான், எப்போது அசருகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் அவன் தலைக்கு மேல் ஒரு குறி விழும். குறி விழுந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு இரண்டே விதிகள். ஆளை உயிரோடு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தபின் காவலர் கூட்டிப்போகும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும், தலையிடக் கூடாது. நிறையப் பேருக்கு இந்தப் பொறுமை கிடையாது. எனக்கு உண்டு. கார்டு ஒட்டுகிறவளுக்குப் பொறுமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழுவில் எனக்குப் பசை என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.

குழு சின்னது. கேடயம் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறவர் நிஜத்தில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். அவரை டிரைவர் அண்ணன் என்போம். வாயே திறக்காத அண்ணன் தம்பி இருவர் வில் வைத்திருந்தார்கள். நான். அப்புறம் கொசு.

கொசு எங்கள் வைத்தியக்காரி. அடிபட்டவனுக்குத் தூரத்திலிருந்து ஊசி எறிவாள், ரத்தம் ஏறிவிடும். அதனால் கொசு. நிஜப் பெயர் எனக்கு முதலில் தெரியாது. பிறகு தெரிந்தது. நான் கொசு என்றே சொல்கிறேன்.

எங்கள் விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பேச வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் குரல் போகாது. எனக்கு இது வரப்பிரசாதம். பொத்தானை விட்டால் நான் இல்லை என்கிற தைரியத்தில், அங்கே சரளமாகப் பேசுவேன். ஆனால் வைத்தியக்காரிகளுக்கு இரண்டு கையும் போதாது. அவர்கள் மைக்கைத் திறந்தே வைத்துவிடுவார்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கொசுவின் வீட்டுச் சத்தமெல்லாம் எங்கள் சண்டைக்கு நடுவே வந்துபோகும்.

"கொசு, ஊசி போடும்மா. பாதி உசுரு போயிடுச்சு."

"இருங்கண்ணே, பால் பொங்குது. இறக்கிட்டு வரேன்."

"நான் இங்க சாகுறேன், இவ பாலை இறக்கப் போறா."

"நீங்க செத்தா எழுப்பிக்கலாம். பொங்கின பாலை எழுப்ப முடியுமா?"

அவள் சிரிப்பு கேட்டிருக்கிறீர்களா, மேடம்? கேட்டிருக்க மாட்டீர்கள். கைப்பிடிப் பாத்திரம் படியில் உருண்டு இறங்குகிற மாதிரி இருக்கும். நிற்குமா நிற்காதா என்று நாமே காத்திருப்போம்.

ஒரு மத்தியானம் நாங்கள் இருவர் மட்டும் ஏரிக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தோம். விளையாட்டு ஏரிதான். அப்போது அவளாகவே சொன்னாள்.

"பசை, என் மோதிர விரல் மடங்காது தெரியுமா? அதான் பொத்தானை அழுத்த விரல் பத்தாது."

"ஏன்?"

"வீட்டுக்காரன் கதவிடுக்குல வச்சு சாத்திட்டான். அன்னைக்கே கிளம்பிட்டேன். இந்த ஊருக்கு நான் வந்தது எங்கம்மாவுக்கே தெரியாது. கண்டுபிடிச்சான்னா அடுத்த தடவை விரலோட நிக்க மாட்டான்."

"கண்டுபிடிக்க முடியாது" என்றேன்.

"உனக்கென்ன, நீ ஆள்பிடி. நீ சொன்னா சரிதான்" என்று சிரித்தாள். மீன் ஒன்று சிக்கியது. அவளுக்கே கொடுத்தேன்.

கண்டுபிடிக்க முடியாது என்று சொன்ன பிறகு, அது உண்மைதானா என்று பார்ப்பது என் பொறுப்பு என்று தோன்றியது. அவளுடைய பாதுகாப்புக்காகத்தான் ஆரம்பித்தேன். மைக்கில் என்ன வருகிறது என்று கவனித்தேன். அடிக்கடி ரயில்வே கேட் மணி அடிக்கும், பின்னாலேயே நீளமான வண்டி போகும். தரைக்குக் கீழே வரிசையாகத் தையல் மெஷின் ஓடும். வீட்டுக்கார அம்மாள் ஒருத்தி, "மோட்டாரை நிறுத்துங்கடி, தொட்டி வழியுது" என்று கத்துவாள். இதெல்லாம் எந்த ஊரிலும் இருக்கும். ஆனால் ஒருநாள் காலையில் அவள், "இன்னைக்குக் கரண்ட் கிடையாது, சாயங்காலம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மின்வாரியம் எந்தத் தெருவில் எப்போது கரண்ட் நிறுத்துகிறது என்று முன்கூட்டியே போடுகிறது, மேடம். அடுத்த மாதமும் நிறுத்தினார்கள். இரண்டு அறிவிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் வருகிற, ரயில்வே கேட்டும் தையல் கம்பெனியும் உள்ள தெரு ஒன்றுதான்.

கடை லீவு நாளில் பஸ் ஏறிப் போனேன். அக்காவிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன்.

தையல் கம்பெனிக்கு மேல் மாடி. பக்கவாட்டில் இரும்புப் படி. எதிர்ப்பக்கம் ஒரு சைக்கிள் கடை நிழலில் நின்றேன். அவள் பால் பாக்கெட்டோடு வந்தாள். ஒல்லியாக இருப்பாள் என்று கற்பனை செய்திருந்தேன். அப்படி இல்லை, நன்றாகப் பூசினாற்போல் இருந்தாள். அந்த விரல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, தெருவைக் கடந்தே வந்தாள்.

"யாரைங்க தேடுறீங்க? ரொம்ப நேரமா வெயில்ல நிக்கிறீங்களே."

தலையை ஆட்டினேன். அவள் ஒரு நிமிடம் பார்த்தாள், புன்னகை செய்தாள், படியேறிப் போய்விட்டாள். என்னைத் தெரியவில்லை. தெரியாது என்பது நியாயம்தான். நான் குரல் கொடுக்கவில்லையே. இருந்தாலும் பஸ்ஸில் திரும்பும்போது கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் அவள் அந்தச் செய்தியைச் சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. கீழ தையல் கம்பெனில சூப்பர்வைசர் வேலை குடுத்துட்டாங்க. சாயங்கால ஷிப்ட். இனிமே ஆட்டத்துக்கு டாட்டா."

டிரைவர் அண்ணன், "அடிப்பாவி, என் ரத்தத்துக்கு யாரு ஜவாப்பு?" என்றார். அவள் சிரித்தாள். பாத்திரம் உருண்டது. ஒருவர் வாழ்க்கையில் இல்லாமல் போகப்போகிறோம் என்பதை அவ்வளவு சத்தமாகச் சிரித்துக்கொண்டே சொல்வார்களா என்று நான் யோசித்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். நான் கோபப்படவில்லை. பொத்தானை அழுத்தி, வாழ்த்துகள் என்றேன்.

காணாமல் போனவர்கள் விளம்பரங்களில் அவள் முகத்தைத் தேடினேன், ஒரு வலைத்தளத்தில் கிடைத்தது. காணவில்லை என்று மேலே, அவள் கல்யாணப் படம் நடுவே, கண்டுபிடித்துத் தருவோருக்குத் தக்க சன்மானம் வழங்கப்படும் என்று கீழே. அவள் வீட்டுக்காரருடைய போன் நம்பர். சதுக்கத்துப் பலகையில் இருப்பது போலவே இருந்தது. அழைத்தேன். இடத்தைச் சொன்னேன். சன்மானம் எதுவும் வாங்கவில்லை, அவரையே கேட்டுப் பாருங்கள். "அடிக்கக் கூடாது, உயிரோட இருக்கணும்" என்றுகூடச் சொன்னேன். இது எங்கள் தொழிலில் முதல் விதி.

அன்று மாலை கொசுவின் கடைசி ஆட்டம். டிரைவர் அண்ணன் பெரிய வேட்டை ஒன்று ஏற்பாடு செய்திருந்தார். நல்ல உற்சாகம். பாதியில் அவள் வீட்டுக் கதவு தட்டுகிற சத்தம் வந்தது.

"வீட்டுக்கார அம்மாவா இருக்கும். தொட்டி வழியுதுன்னு வந்திருப்பாங்க. இருங்க, வரேன்."

மைக் திறந்தே இருந்தது. அதற்குப் பிறகு வந்தது எதையும் நான் விவரிக்கத் தேவையில்லை. மற்றவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வாயே திறக்காத தம்பி அன்று அழுதான் என்று நினைக்கிறேன். டிரைவர் அண்ணன் கத்திக்கொண்டே இருந்தார்.

"யாருக்காவது அட்ரஸ் தெரியுமா? ஊராவது தெரியுமா? போலீசுக்கு என்னன்னு சொல்றது? பசை, நீ அவகூட நல்லாப் பழகுவியே, உனக்குத் தெரியுமாம்மா?"

என் விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. தெருப் பெயர், கதவு எண், படி எந்தப் பக்கம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஒப்படைத்தபின் தலையிடக் கூடாது. தவிர, எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்பார்கள். நான் அழுத்தவில்லை.

சும்மாவும் இருக்கவில்லை. கொசுவின் உருவம் காட்டு நடுவே அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ஓநாய்கள் வந்தன. மற்றவர்கள் விளையாட்டையே மறந்துவிட்டார்கள். நான் ஒருத்திதான் அவள் பக்கத்தில் நின்று, அந்த வெங்காயக் கத்தியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓநாயாக விரட்டினேன். திரையிலிருந்து அவள் தானாக மறையும்வரை ஒரு கீறல்கூட விழவில்லை. நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவர் நம்பரிலிருந்து எனக்கு ஏன் அழைப்பு வந்தது என்று. சரி. விளம்பரம் பழையது, மேடம். நான் முதலில் அழைத்தபோது அவர் ஆர்வம் காட்டவில்லை.

"அது எப்பவோ போட்டதும்மா. எனக்கு வேற பொண்ணு பேசி முடிச்சாச்சு. அவ எங்கேயோ இருந்துட்டுப் போகட்டும், வச்சிடு" என்றார். வைத்துவிட்டார்.

இலக்கு இருக்கிறது, குறி விழுந்துவிட்டது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் முயற்சி செய்வார்கள். கொசுவின் குரல் என்னிடம் நிறைய இருந்தது. ஞாபகத்துக்காகப் பதிவுசெய்து வைத்திருந்தேன். அதில் அவள் டாட்டா சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்தேன். முன்னும் பின்னும் வேறு சத்தம் இல்லாமல், பின்னணியில் டிரைவர் அண்ணனின் ஆண்குரல் மட்டும் லேசாகக் கேட்கும்படி, குமிழி இல்லாமல் துடைத்து அவருக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. டீ குடித்து முடிப்பதற்குள் அவரே கூப்பிட்டார்.

"எங்க இருக்கா?" என்றார்.

சொன்னேன். நான்தான் சொன்னேன். அவர் என்னைத் தேடி வரவில்லை.

நேற்று கண் விழித்தாள் என்கிறீர்கள். சந்தோஷம். உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் சொன்னது வீண்போகவில்லை. இரண்டு கையிலும் எலும்பு கூட நாளாகும், தையல் கம்பெனி வேலைக்கு இனி போக முடியாது என்றும் சொன்னீர்கள். அப்படியானால் சாயங்காலங்களில் வீட்டில்தான் இருப்பாள். குழுவில் அவள் இடத்துக்கு வேறு யாரையும் சேர்க்க வேண்டாம் என்று நான் டிரைவர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அவர் பதில் போடவில்லை. போடுவார்.

அவளைப் பார்க்கப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மேடம். எங்களை விட்டுப் போகிறேன் என்று சொன்னதைப் பசை மனதில் வைத்துக்கொள்ளவில்லை, மன்னித்துவிட்டாள் என்று.