பெட்டியைப் பட்டினி போட்ட காரணம்

கோடையில் தேனீப் பெட்டியை உச்சி வெயிலில் திறக்கக் கூடாது. இது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. ஆனால் ரெட்டியார்சத்திரம் பக்கம் தேனீ வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எங்கள் வட்டாரத் தேனீ வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் பொன்னுத்துரை என்றால் தெரியாதவர் இல்லை. போன வாரம் வரைக்கும் தலைவர்.

பங்குனி பிறந்ததும் கூட்டம் போட்டுக் கோடைப் பராமரிப்பைப் பற்றிப் பேசுவேன். பூ ஓய்ந்துவிடும், பூச்சிக்குப் பசி வரும், சர்க்கரைப் பாகு வையுங்கள் என்பேன். பெட்டியை மரநிழலுக்கு மாற்றுங்கள், மேலே ஈரச் சாக்குப் போடுங்கள். பசியும் வெக்கையும் சேர்ந்தால் சாதுவான தேனீயும் சீறும். கருத்த துணி உடுத்திக்கொண்டு கிட்டே போகாதீர்கள். வாசனை பூசிக்கொண்டு போகாதீர்கள். வாழைப்பழம் தின்ற கையோடு போகவே போகாதீர்கள். தேனீ கொட்டும்போது கிளம்புகிற வாடையும் பழுத்த வாழைப்பழத்தின் வாடையும் ஏறக்குறைய ஒன்று. அந்த வாடை பட்டால் பெட்டியே சண்டைக்கு எழும்பும்.

"அப்ப பந்தியில பழம் வச்சா நாங்க இலையோட எந்திரிச்சு ஓடணுமாண்ணே?" என்று செயலாளர் சௌகத் அலி வருஷா வருஷம் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் மகள் கௌசல்யா சின்ன வயதிலிருந்து முன்வரிசையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டவள். நான் பாதி சொன்னால் மீதியை அவள் சொல்லுவாள்.

போன வருஷம் அவள் இளஞ்செழியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவன் யார், எந்தத் தெரு என்று நான் சொல்லப் போவதில்லை. ஊருக்கே தெரியும், அதுதான் சங்கடம். பையன் நல்லவன். அதை எழுதிக்கொள்ளுங்கள். குடிப்பழக்கம் இல்லை, பேச்சில் மரியாதை உண்டு. எனக்கு அவன்மேல் கோபமே கிடையாது. கல்யாண வீடுகளில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படி ஓர் அமைதிக்குள் நுழைந்ததில்லை.

மாசி மாதம் அவனைக் குளவி ஒன்று கொட்டியிருக்கிறது. முகம் வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் போட்டுப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். இன்னொரு தடவை குளவியோ தேனீயோ கொட்டினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். கௌசல்யா போனில் தன் அம்மாவிடம் சொல்லி அழுதாள். அங்கம்மாள் என்னிடம் சொல்லி அழுதாள். இரண்டு பேரையும் சித்திரையில் விருந்துக்கு அழைக்கலாம் என்று அன்றைக்குத்தான் சொன்னேன். அங்கம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

விருந்து என்றால் எங்கள் வீட்டில் குறை வைப்பதில்லை. மகளுக்குச் சின்னாளபட்டிச் சுங்குடி எடுத்தேன். அவனுக்குக் கருநீலச் சட்டை. வந்ததும் அதையே உடுத்திக்கொள்ளச் சொன்னேன். வாசலில் சந்தனமும் ஜவ்வாதும் என் கையாலேயே பூசிவிட்டேன். இலையில் சிறுமலை வாழைப்பழம். ஒன்றைத் தின்றான், நான் இன்னொன்றை உரித்துக் கொடுத்தேன், மறுக்கவில்லை. பிறகு அம்மாவும் மகளும் உச்சிப் பூசைக்குக் கோயிலுக்குப் போனார்கள். போகச் சொன்னது நான்தான்.

"வாங்க தம்பி, நம்ம பெட்டியச் செத்த நேரம் பாத்துட்டு வருவோம்."

"மாமா, எனக்குப் பூச்சி கொட்டுனா ஆகாது..."

"நம்ம வீட்டுப் பூச்சி வந்தவுகள ஒண்ணும் செய்யாது தம்பி."

வந்தான். நான் அவனிடம் முதல்முதலாகக் கேட்டது அது. அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. வழியில் இன்னும் ஒரு தடவை மாமா என்றான். நான் தம்பி என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். முகவலை ஒன்றுதான் இருந்தது. மூத்தவர் போட்டுக்கொள்வதுதானே முறை?

பூச்சியை அடக்குகிற புகையைப் போடாமல் மூடியைத் திறந்தேன். ஒரு தட்டுத் தட்டினேன்.

அவன் விழுந்ததும் வீட்டுக்குத் தூக்கிவந்து, கொட்டின இடத்திலெல்லாம் சுண்ணாம்பு தடவினேன். ஓர் இடம் விடாமல், நிதானமாக. கௌசல்யா திரும்பிவந்து அலறிய பிறகுதான் 108க்குப் போன் போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்புட்டுப் பேருக்கும் சொன்னீங்களேப்பா. அவருக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"அவர் சங்கத்துல இல்லையேம்மா" என்றேன்.

நியாயமான பதில் என்பதால் அவள் மேற்கொண்டு பேசவில்லை. அன்றிலிருந்து பேசவில்லை.

தேனீ கொட்டி மரணம் என்று நீங்களும் எழுதி முடித்துவிட்டீர்கள். நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். போன வாரம் சங்கக் கூட்டத்தில் சௌகத் அலி எழுந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. வயசாயிருச்சு. பெட்டி வெயில்ல கெடந்திருக்கு, பாகும் வைக்கல. பூச்சி பசியில என்ன செய்யும்? பாவம், அந்தப் பையன். நீங்க கொஞ்சம் ஓய்வா இருங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது டீக்கடையில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? பொன்னுத்துரைக்குப் பெட்டியைப் பராமரிக்கத் தெம்பு இல்லையாம். கவனிக்காமல் விட்டுவிட்டாராம். என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டின்மேல் விழாத சொல் அது. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் தெருவில் நடக்க முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. மற்ற பெட்டிகளைப் போய்ப் பாருங்கள். எல்லாம் புளியமர நிழலில் இருக்கின்றன. எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம். பாகு வேளை தவறியதில்லை. அந்த ஒரு பெட்டியை மட்டும் நிழலிலிருந்து தூக்கிக் கிணற்றுமேட்டு வெயிலில் வைத்தவன் நான். அதற்கு மட்டும் பாகை நிறுத்தியவன் நான். அவனைக் கொல்லத்தான் செய்தேன். கவனக்குறைவு எங்கள் குடும்பத்தில் கிடையாது. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், அப்படியே சங்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. வீட்டில் இப்போது யாரும் இல்லை. காரியம் முடிந்தும் கௌசல்யா அவன் தாயார் வீட்டிலேயே இருக்கிறாள். அங்கம்மாளும் துணைக்கு அங்கே போய்விட்டாள். வெயில் இந்தப் போடு போடுகிறது, சாக்குகள் காய்ந்துபோயிருக்கும். ஒரு போலீஸ்காரரை அனுப்பி, சாயங்காலம் போய் நனைத்துவிடும்படி என் மகளிடம் சொல்லச் சொல்லுங்கள். அப்பா சொன்னார் என்று சொன்னால் போதும். என் பேச்சை அவள் தட்டமாட்டாள்.